மருந்து ஸ்டோரை மழைக்கும் மறதிக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருப்பது எப்படி

தங்கச்சி கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு போட்டிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிப் போட்டு, பழத்தையும் சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அன்றைய ஏழாவது போன். "அண்ணா, ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி எங்க வச்சிருக்கீங்க?" இரண்டாவது ரேக், கீழிருந்து மூன்றாவது தட்டு, டெக்ஸா டப்பாவுக்குப் பின்னால் என்று சொன்னேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. மூச்சுத் திணறி வந்த ஒருவருக்குப் போட வேண்டிய ஊசி எங்கே இருக்கிறது என்பது என் தலைக்குள் மட்டும்தான் இருந்திருக்கிறது. பந்திச் சத்தத்தில் அந்த போன் எனக்குக் கேட்காமல் போயிருந்தால்?

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் 20 படுக்கை உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருக்கிறேன். இது என்னைப் போல ஒரே அறை, இரண்டு ஃப்ரிட்ஜ், ஒன்றிரண்டு ஆட்கள் என்று ஓட்டுகிறவர்களுக்காக எழுதுவது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு டி.என்.எம்.எஸ்.சி., அதாவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், இருக்கிறது. 1994-இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்கில் வைத்து, பாஸ்புக் கணக்கில் மருந்து கொடுக்கிறது. ஆனால் கிடங்கிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து இறங்கிய பிறகு அங்கேயும் இதே ரேக், இதே ஈரம், இதே எறும்புதான்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஸ்டோருக்குள் இதுவரை நுழையாத ஒரு சிஸ்டரை உள்ளே அனுப்பி, ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி, எடுத்துவரச் சொல்லுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் சரியான மருந்து, சரியான அளவு, காலாவதியாகாத பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) கையில் வந்தால் உங்கள் ஸ்டோர் நன்றாக இருக்கிறது. வராவிட்டால் மேலே படியுங்கள்.

முதலில் அறை

நம் மாவட்டத்தின் பிரச்சினை வெயிலைவிட ஈரம்தான். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, இடையில் கடல் காற்று. மதுரையிலோ வேலூரிலோ மருந்து சூட்டில் கெடும். இங்கே அதோடு சேர்த்து ஊறியும் கெடும். ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை வருகிறதா? ஈரம் உள்ளே போய் மாத்திரை உடைந்து அசிட்டிக் அமிலம் ஆகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கல்லாக இறுகியிருப்பது, கேப்சூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது, சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரை ஃபாயிலை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் பிசுபிசுப்பது, இதெல்லாம் அதே கதைதான். அதனால்தான் மாத்திரையை ஸ்ட்ரிப்பிலிருந்து பிதுக்கி எடுத்து அழகான பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிவைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடச் சொல்கிறேன். பார்க்க வசதியாக இருக்கும், ஆனால் பேட்ச் எண்ணும் போச்சு, காலாவதி தேதியும் போச்சு, ஈரத்துக்குக் கதவும் திறந்தாச்சு.

சில நூறு ரூபாய்க்கு வெப்பமும் ஈரப்பதமும் சேர்த்துக் காட்டும் மீட்டர் கிடைக்கும். வாங்கிச் சுவரில் மாட்டுங்கள், காலையில் ஒரு தடவை, பிற்பகல் 3 மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுதுங்கள். பிற்பகலில் ஏன் என்றால், மொட்டைமாடிக்கு நேர் கீழே அறை இருந்தாலோ மேற்குச் சுவர் வெயில் பட்டாலோ அப்போதுதான் தெரியும். பெரும்பாலான மாத்திரை அட்டைகளில் 25 அல்லது 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைக்கச் சொல்லி இருக்கும். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது, ஆனால் ஆடி மாசத்தில் ஏசி இல்லாமல் இங்கே அது நடக்கிற காரியமில்லை. அதனால் ஸ்டோர் அறைக்கு ஏசி போடுவதை ஆடம்பரம் என்று சொல்லும் முதலாளியிடம் ஒரு வருஷத்தில் ஈரத்தில் கெட்டுத் தூக்கிப்போட்ட மருந்தின் பில் தொகையைக் கூட்டிக் காட்டுங்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது, அதுவும் இரண்டாம் வருஷம்தான்.

பழைய ஓட்டுக் கட்டடத்தில் ஸ்டோர் வைத்திருப்பவர்கள் முதல் மழைக்கு முன்னால் ஓடு மாற்றிவிடுங்கள். மரப் பலகை அலமாரி வேண்டாம், கறையான் முதலில் அட்டைப்பெட்டியைத் தின்னும், அப்புறம் லேபிளைத் தின்னும். இரும்பு ரேக் கடலோரத்தில் துருப்பிடிக்கும்தான், பெயின்ட் அடித்துச் சமாளிக்கலாம். குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்தக் கார்ட்டனும் நேராகத் தரையில் உட்காரக் கூடாது. தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரம், சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் இடைவெளி, அடுக்கினால் இரண்டரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இவை கிடங்குகளுக்குச் சொல்லப்படும் அளவுகள், நம் சின்ன அறையில் சுவரிலிருந்து ஒரு அடி விட முடியாவிட்டாலும் கை நுழைகிற இடைவெளியாவது விடுங்கள், சுவர் கசிகிறதா என்று பார்க்கவும் எலி போகிறதா என்று பார்க்கவும் அது வேண்டும். சிரப் பாட்டில் ஒன்று ஒழுகினால் போதும், மறுநாள் காலை எறும்பு வரிசை கட்டி நிற்கும்.

ஸ்பிரிட், ஃபார்மலின், பிளீச்சிங் கரைசல் போன்றவற்றுக்கு மருந்து அறையில் இடமே கொடுக்காதீர்கள். ஒன்று தீப்பிடிக்கும், ஒன்று ஆவியாகி அரிக்கும். காலி சலைன் பாட்டிலில் எதையாவது ஊற்றி வைக்கிறவரைப் பார்த்தால் சத்தம் போடுங்கள், மரியாதை எல்லாம் பார்க்க வேண்டாம்.

அடுக்குவது

அகரவரிசையா, நோய் வாரியா, கம்பெனி வாரியா என்று ஆளுக்கொரு கட்சி. என் கட்சி இது: முதலில் மாத்திரை, ஊசி, சிரப், களிம்பு, குளுக்கோஸ் பாட்டில் என்று வடிவத்தைப் பிரியுங்கள், அதற்குள் ஜெனரிக் பெயரில், அதாவது கம்பெனி வைத்த பெயரில் அல்ல, மருந்தின் பொதுப்பெயரில் அகரவரிசை. பிராண்டு பெயரில் அடுக்கினால், இந்த மாசம் ஏஜென்சிக்காரர் வேறு கம்பெனி பான்டோபிரசோல் அனுப்பியவுடன் அதே மருந்து இரண்டு இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், ஒன்று தீர்ந்தது என்று ஆர்டர் போடுவீர்கள், இன்னொன்று மூலையில் காலாவதியாகும். தட்டுக்கு எண், ரேக்குக்கு எழுத்து, கதவுக்குப் பின்னால் ஒரு பட்டியல். ஹைட்ரோகார்ட்டிசோன், ஆ-3. அவ்வளவுதான். பந்தியில் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

புதிதாக வந்ததைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் இழுக்கச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. முதலில் வந்ததை முதலில் கொடுப்பதல்ல, முதலில் காலாவதியாவதை முதலில் கொடுப்பதுதான் முறை. இந்த வாரம் வந்த பேட்ச் போன மாசம் வந்ததைவிடச் சீக்கிரம் காலாவதியாவது அடிக்கடி நடக்கும், குறிப்பாக தள்ளுபடியில் வாங்கினால். அட்டையின் மேல் காலாவதி மாதத்தை மார்க்கரில் பெரிதாக எழுதுங்கள். அட்டையில் 06/2027 என்று அச்சிட்டிருந்தால் ஜூன் மாசத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம், ஜூன் 1 அன்றே தூக்கிப்போட வேண்டியதில்லை. அப்புறம் ஸ்ட்ரிப்பை வெட்டிக் கொடுக்கும்போது தேதியும் பேட்ச் எண்ணும் அச்சான பக்கத்தை நம்மிடம் வைத்துக்கொண்டு மறு பக்கத்திலிருந்து வெட்டுவது. சின்ன விஷயம், கையோடு வந்துவிட்டால் பிறகு யோசிக்கவே வேண்டாம்.

பார்க்க ஒன்றுபோல இருப்பவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். அகரவரிசையின் ஆபத்து இதுதான். கார்பமசெபினும் கார்பிமசோலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆகிவிடும், ஒன்று வலிப்புக்கு, மற்றது தைராய்டுக்கு. டோபமின், டோபுடமின் அப்படியே. இங்கே மட்டும் வரிசையை உடைத்து ஒன்றை வேறு தட்டுக்கு மாற்றி, பழைய இடத்தில் 'டோபுடமின் இ-1-இல்' என்று ஒரு சீட்டு ஒட்டுகிறேன். அட்ரினலின் ஆம்பூலும் அட்ரோபின் ஆம்பூலும் சில கம்பெனிகளில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி வரும், எமர்ஜென்சி டிரேயில் இரண்டுக்கும் தனித்தனிக் குழி வேண்டும். அட்ரினலின் வெளிச்சம் பட்டால் கெடும், கரைசல் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் அது போய்விட்டது, தேதி மிச்சம் இருந்தாலும் போய்விட்டதுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல், 10 மி.லி.க்குள் 20 மில்லி ஈக்குவலன்ட் இருப்பது, வார்டில் இருக்கவே கூடாது. கலக்காமல் நரம்பில் போனால் இதயத்தை நிறுத்தும். டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலும் அதே அளவு, அதே பிளாஸ்டிக், இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒரு கை நீளுகிறது, நினைத்துப் பாருங்கள். ஸ்டோரில் சிவப்பு டப்பாவில் பூட்டி, டாக்டர் எழுதிய சீட்டோடு வந்தால் மட்டும் கொடுங்கள். "என்னண்ணா, ஒரு ஆம்பூலுக்கு இவ்வளவு கெடுபிடியா" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லுங்கள்.

சரக்கு வந்து இறங்கும்போது

ஏஜென்சி வண்டி வரும் நேரம் எப்போதும் ஓ.பி. கூட்டம் நிரம்பி வழியும் நேரமாகத்தான் இருக்கும். பையன் அவசரப்படுத்துவான். பெட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு இன்வாய்ஸில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு எது குறைந்தாலும் உங்கள் தலையில்தான். பெயர், அளவு, எண்ணிக்கை, பேட்ச், காலாவதி இந்த ஐந்தையும் இன்வாய்ஸோடு ஒத்துப்பாருங்கள். பேட்ச் எண் ஏன் முக்கியம் என்றால், ஏதாவது ஒரு பேட்ச் தரமற்றது என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தால் அதை நம் ரேக்கில் தேடிப் பிடிக்க அது ஒன்றுதான் பிடி. 2023 ஆகஸ்டிலிருந்து 300 பிராண்டுகளுக்கு அட்டையில் க்யூஆர் கோடு கட்டாயம், சந்தேகம் வந்தால் போனில் ஸ்கேன் பண்ணிப் பார்க்கலாம். காலாவதிக்கு ஆறு மாசத்துக்குள் இருக்கும் சரக்கை, அது வேகமாகப் போகிற பாராசிட்டமாலாக இருந்தால் ஒழிய, நான் திருப்பி அனுப்பிவிடுவேன். இதில் கூச்சப்பட்டால் நஷ்டம்.

ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியது வந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை முதலில் எடுங்கள். எந்தப் பெட்டியில் வந்தது, ஐஸ் பேக் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறதா, வயல் (ஊசி மருந்துக் குப்பி) நேராக ஐஸில் ஒட்டிக்கொண்டிருந்ததா? ஒட்டியிருந்தால் அது உறைந்திருக்கலாம், வாங்காதீர்கள். ஒரு தடவை இன்சுலின் பெட்டி பைக்கின் முன்னால் தொங்கியபடி வெயிலில் வந்து சேர்ந்தது, எந்தக் கடை என்று இங்கே சொல்லவில்லை, அதன் பிறகு அங்கே வாங்குவதுமில்லை.

ஃப்ரிட்ஜ்: இங்கேதான் நிறையத் தப்பு நடக்கிறது

2 முதல் 8 டிகிரி. இந்த இரண்டு எண்ணும் எல்லோருக்கும் தெரியும், ஆனால் தங்கள் ஃப்ரிட்ஜ் நிஜமாகவே இரவு முழுக்க அதற்குள் இருக்கிறதா என்று கேட்டால் பாதிப் பேர் மேலே பார்ப்பார்கள். வெளியே இருக்கும் டயலில் 4 என்று திருப்பிவைத்தால் 4 டிகிரி என்று நினைக்கும் ஆட்களும் உண்டு. அது வேகத்தின் எண், வெப்பத்தின் எண் அல்ல. உள்ளே ஒரு தெர்மாமீட்டர், நடுத் தட்டில், மருந்துகளுக்கு இடையில். காலையும் மாலையும் பார்த்து ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கும் தாளில் எழுதிக் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. ஞாயிறு யார் எழுதுவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலையில் இரண்டு நாளுக்கும் சேர்த்து '5, 5, 5, 5' என்று ஒரே பேனாவில் எழுதியிருக்கும். அந்தத் தாளைவிட வெறும் தாள் மேல்.

வீட்டு ஃப்ரிட்ஜைப் பயன்படுத்தினால் மேலே ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே உள்ள தட்டும், பின்சுவரும் ரொம்பக் குளிர். கதவு ரொம்பச் சூடு. அதனால் இந்த மூன்று இடத்திலும் மருந்து வேண்டாம். கதவிலும் கீழ்ப் பெட்டியிலும் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வையுங்கள், கரண்ட் போனால் குளிரைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும். மருந்துகளுக்கு நடுவே காற்றுப் போக இடம் விடுங்கள். தடுப்பூசி அதிகம் கையாளுகிற இடமாக இருந்தால் ஐ.எல்.ஆர். பெட்டிக்கு (உட்சுவரில் ஐஸ் அடுக்கு உள்ள தடுப்பூசி ஃப்ரிட்ஜ்) போய்விடுங்கள், அதில் அடிப்பக்கம்தான் அதிகக் குளிர், எனவே கூடைக்குள் வைக்க வேண்டும், கூடை இல்லாமல் அடியில் போடக் கூடாது.

சூடு பட்டால் கெடும் என்று எல்லோரும் பயப்படுகிறோம். உறைந்தால் கெடும் என்று பயப்படுகிறவர்கள் குறைவு. ஹெபடைடிஸ் பி, டி.டி., பென்டாவேலன்ட் தடுப்பூசிகளும் இன்சுலினும் ஒரு தடவை உறைந்து இளகினால் முடிந்தது, பார்க்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாமலே கூட. "நல்லாச் சில்லுன்னு இருக்கட்டும்" என்று டயலை முழுசாகத் திருப்புகிறவர் நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார். அதற்கு நேர் எதிராக, ஆக்சிடோசினைப் பிரசவ அறை டிரேயில் நாள் கணக்கில் வெளியே வைக்கும் பழக்கம். அந்த ஆம்பூலும் பார்க்க ஒன்றும் மாறாது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காமல் போகும்போதுதான் மருந்து வேலை செய்யவில்லை என்று தெரியும். 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், பிரசவ அறைக்கு அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். மெத்தில் எர்கோமெட்ரினுக்குக் குளிரோடு வெளிச்சம் படாமையும் வேண்டும், அட்டையை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

பாம்புக்கடி மருந்தைப் பற்றி ஒரு சந்தேகம் அடிக்கடி வரும். தூளாக வரும் வயல் என்றால் லேபிளில் அறை வெப்பத்துக்கு அனுமதி இருக்கும், திரவமாக வருவது ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். லேபிளைப் படித்து வையுங்கள். ரப்பர் தோட்டமும் வாழையும் உள்ள ஊரில் இது வெறும் அலங்காரத்துக்கு வைக்கும் மருந்தல்ல. இன்னொன்று, ஆரம்ப டோஸே 8 முதல் 10 வயல். ஸ்டோரில் மூன்று வயல் இருக்கிறது என்றால் இல்லை என்றே கணக்கு, ஒன்று 10 வைத்திருங்கள், அல்லது வைத்திருக்கவில்லை என்று வாசலிலேயே தெரிந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பும்படி இருங்கள்.

திறந்த வயலில் திறந்த தேதியும் நேரமும் எழுதாவிட்டால் அது யாருக்கும் சொந்தமில்லாத வயல், கொட்டிவிடுங்கள். பெரும்பாலான இன்சுலின் வயல்கள் திறந்த பிறகு 28 நாள் தாங்கும், லேபிளில் வேறு கணக்கு இருந்தால் அதுவே கணக்கு. தண்ணீர் கலந்த அமாக்சிசிலின் சிரப் 7 நாள்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது இங்கே கரண்ட் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, பல ஊர்களுக்குப் பல நாள் மின்சாரமே இல்லை. ஜெனரேட்டர் இருந்தவர்களுக்கும் டீசல் வாங்கப் போக வழியில்லை, மரம் விழுந்து ரோடெல்லாம் அடைந்து கிடந்தது. அந்த வாரம் கற்றுக்கொண்டதைத் தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறேன். கரண்ட் போனால் முதல் வேலை கதவைத் திறக்காமல் இருப்பது, நேரத்தைக் குறித்துவைப்பது. உள்ளே 8-ஐ நெருங்கினால் வேக்சின் கேரியர் அல்லது கோல்டு பாக்ஸுக்கு மாற்றுவது. ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் போடக் கூடாது, வெளியே வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை பொறுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் காப்பாற்றப் போகிறோம் என்று நாமே உறையவைத்துவிடுவோம். யாருடைய இடத்தில் ஜெனரேட்டர் நிச்சயம் ஓடும், அவருடைய நம்பர் என்ன என்பதும் அந்தத் தாளில் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே டீசல் நிரப்பிவிடுவோம். வெப்பம் எல்லை தாண்டிவிட்டால் மருந்தை உடனே தூக்கிப்போடவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். 'நிறுத்திவைக்கப்பட்டது' என்று எழுதித் தனியே குளிரில் வைத்து, எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி என்ற விவரத்தோடு கம்பெனியைக் கேளுங்கள்.

அப்புறம் சாப்பாடு. மருந்து ஃப்ரிட்ஜில் தயிர், மீன் குழம்பு, யாரோ பிறந்தநாள் கேக். வேண்டாம். வாடைக்காகச் சொல்லவில்லை, கதவு திறக்கும் தடவைகளுக்காகச் சொல்கிறேன்.

பூட்டு

மார்ஃபின், ஃபென்டனில் வகைகள் இரட்டைப் பூட்டு, இரண்டு சாவி, இரண்டு வெவ்வேறு ஆட்கள். என்.டி.பி.எஸ். எனப்படும் போதைப்பொருள் சட்டத்தின் 2014 திருத்தத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் என்ற ஏற்பாடு வந்தது, அந்த அங்கீகாரம் இல்லாமல் மார்ஃபின் வாங்கி வைக்கவே கூடாது. டிரமடால் 2018-லிருந்து அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது, இன்னமும் அதைச் சாதாரண வலி மாத்திரை போல வெளி ரேக்கில் வைத்திருக்கும் இடங்களைப் பார்க்கிறேன். கேட்டமைன், மருந்து விதிகளில் கடுமையான கட்டுப்பாடு உள்ள ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் இருக்கிறது, அதுவும் பூட்டுக்குள். உடைந்த ஆம்பூல், மிச்சம் கொட்டியது எல்லாவற்றுக்கும் இரண்டு கையெழுத்து. ஷிஃப்ட் மாறும்போது எண்ணி ஒப்படைக்க வேண்டும், "சரியாத்தான் இருக்கும் சிஸ்டர்" என்பது எண்ணிக்கை ஆகாது. அதே விதிகளின் ஷெட்யூல் எச்1 பட்டியல் மருந்துகளுக்கு, செஃபிக்ஸிம் மாதிரி நாம் தினம் கொடுக்கிறவை உட்பட, எழுதிய டாக்டர், நோயாளி, மருந்து, அளவு என்று தனிப் பதிவேடு எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும்.

எண்ணிப் பார்ப்பதும் ஆர்டர் போடுவதும்

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பின் கார்டு (bin card, இருப்பு அட்டை), அந்தத் தட்டிலேயே தொங்க வேண்டும். வந்தது, போனது, மிச்சம். கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்பார்கள், இருக்கட்டும், கரண்ட் இல்லாத ராத்திரியில் கார்டுதான் பேசும். எடுக்கிற நேரத்திலேயே எழுதணும், சாயங்காலம் சேர்த்து எழுதலாம் என்று நினைத்த அன்றே கணக்கு உடைந்துவிடும்.

எப்போது ஆர்டர் போடுவது என்பதற்கு உள்ளுணர்வை நம்ப வேண்டாம், சின்னக் கணக்கு போதும். எங்கள் இடத்து மெட்ஃபார்மின் 500 மி.கி. மூன்று மாசத்தில் 4,200, 3,900, 4,500 போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 12,600, மாசத்துக்கு 4,200, நாளுக்கு 140. ஆர்டர் போட்டு வந்துசேர 5 நாள் ஆகும், அதற்கு 700. கைக்காவலுக்குப் பத்து நாள், 1,400. ஆக மிச்சம் 2,100-ஐத் தொட்டதும் ஆர்டர். அந்த எண்ணைப் பின் கார்டின் மேலேயே சிவப்பில் எழுதிவிட்டால் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், "அண்ணா, இது சிவப்புக்கு வந்துட்டு" என்று. மருந்து தீர்ந்துபோய்ப் பத்து நாள் இல்லாமல் இருந்த மாசமாக இருந்தால் முப்பதால் வகுக்காதீர்கள், இருந்த இருபது நாளால் வகுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவையும் குறைவாகவே வாங்குவீர்கள்.

இந்தக் கணக்கை மழைக்காலம் கலைக்கும். மழை பிடித்து வயலிலும் ஓடையிலும் தண்ணீர் நிற்கும்போது எலிக்காய்ச்சல் வரும், டாக்சிசைக்ளின் திடீரென்று இரண்டு மடங்கு போகும். காய்ச்சல் சீசனில் பாராசிட்டமாலும் நார்மல் சலைனும், குளிர் மாசங்களில் நெபுலைசர் மருந்தும். போன வருஷம் அதே மாசத்தின் கார்டைப் பாருங்கள், போன மாசத்தை அல்ல. வண்டி வராத நாட்களும் நமக்குத் தனி. ஓணம், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், சுசீந்திரம் தேர், மாசியில் மண்டைக்காடு கொடை. சென்னையில் இருக்கிற கம்பெனிக்காரருக்கு இது புரியாது, கைக்காவல் பத்து நாளைப் பதினைந்தாக்கிக்கொள்ளுங்கள்.

மாசம் ஒரு தடவை எல்லாவற்றையும் எண்ண நேரமில்லை என்றால், தினம் ஒரு தட்டு. விலை அதிகமானவை, உயிர் காப்பவை வாரம் ஒரு தடவை. எண்ணும்போது பத்து மாத்திரை குறைந்தால் பத்து குறைந்தது என்றே எழுதிக் காரணம் தேடுங்கள். கார்டைத் திருத்திச் சரிக்கட்டினால், பின்னால் நிஜமாகவே யாராவது எடுக்கும்போது கண்டுபிடிக்க முடியாது.

காலாவதியானது

மூன்று மாசத்துக்குள் காலாவதியாகிறவற்றை மாச ஆரம்பத்தில் பட்டியல் எடுத்து டாக்டரிடம் காட்டுவேன். சில மருந்தை அவர் எழுதி முடித்துவிடுவார், சிலதை ஏஜென்சி திரும்ப வாங்கிக்கொள்ளும், சிலது நிற்கும். காலாவதியானதும் அன்றே ரேக்கை விட்டு வெளியே எடுத்து, 'காலாவதி, விற்பனைக்கல்ல' என்று எழுதிய தனிப் பெட்டியில் பூட்டிவிடுங்கள். ரேக்கிலேயே ஒரு ஓரமாக ஒதுக்கிவைப்பது போதாது, அவசரத்தில் கை அங்கேயும் போகும். உயிரி மருத்துவக் கழிவு விதிகள் 2016-படி காலாவதியான மருந்து மஞ்சள் பைக்குப் போகிறது, காலி வயலும் ஆம்பூலும் நீல அடையாளமுள்ள பெட்டிக்கு, புற்றுநோய் மருந்து என்றால் அதன் காலி வயலும் மஞ்சளுக்கே. சாக்கடையில் கொட்டுவதும், பின்னால் தென்னை மூட்டில் எரிப்பதும் கூடாது. பெயர், பேட்ச், எண்ணிக்கை, கழிவு வண்டிக்குக் கொடுத்த தேதி என்று ஒரு வரி எழுதி வையுங்கள், ஆய்வுக்கு வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். ஸ்ட்ரிப்பின் மேல் கறுப்பு மார்க்கரால் குறுக்கே ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் வெளியே போய்த் திரும்பக் கடைக்கு வராது.

வார்டுக்குப் போய்த் திரும்பி வருவதில் ஃப்ரிட்ஜ் சரக்கு எதையும் ஸ்டாக்கில் சேர்க்காதீர்கள், இடையில் அது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வீட்டிலிருந்து வருவதும் அப்படித்தான். போன மாசம் ஒரு பாட்டி பிளாஸ்டிக் கவர் நிறைய மாத்திரையோடு வந்தார். இங்கே வயசானவர்கள் இன்னமும் குளிகை என்றுதான் சொல்வார்கள். "மக்களே, தாத்தா போயாச்சு. இந்தக் குளிகை எல்லாம் சும்மா கிடக்குது. காசில்லாம வாறவங்களுக்குக் குடு." பாதி, பேர் தெரியாத வெட்டுத் துண்டுகள். மிச்சத்தில் தேதி இருந்தது, ஆனால் ஓட்டு வீட்டு ஜன்னலோரத்தில் எத்தனை மழை பார்த்ததோ. சரி பாட்டி என்று வாங்கிவைத்துக்கொண்டேன். அவர் வாசல் தாண்டிய பிறகு எண்ணி, பதிவேட்டில் எழுதி, மஞ்சள் பையில் போட்டேன்.